கார் இல்லாதவருக்கும் இந்த ஊரில் இடமுண்டா?

இந்த மாதப் பாடத்தை ஒரு கணக்கோடு தொடங்குவோம். உங்கள் வட்டாரத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் லைசென்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும், கார் லைசென்சுக்கு 17. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நம் சமய வகுப்போ வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குக் கோயில் மண்டபத்தில். அவன் எப்படி வருவான்? வகுப்பு முடிந்து பத்து மணிக்கு எப்படித் திரும்புவான்?

"யாராவது ஏத்திக்கிட்டு வருவாங்க" என்பதுதான் வழக்கமான பதில். அந்த 'யாராவது' கிடைக்காத வாரம் அவன் வரமாட்டான். நாலு வாரம் வராவிட்டால் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'ஆர்வம் இல்லை' என்று எழுதிவிடும் கிளைகள் உண்டு. ஆர்வம் இருந்தது, வண்டிதான் இல்லை. இதே கணக்கை 70 வயதுப் பாட்டிக்கும் போட்டுப் பாருங்கள். கண் பார்வை குறைந்தவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், மாதக் கடைசியில் பெட்ரோலுக்குக் காசில்லாத அண்ணனுக்கும் போட்டுப் பாருங்கள்.

வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு தம்பி சட்டென்று சொன்னான்: "அண்ணே, இது பினாங்குண்ணே. காரு இல்லன்னா காலு இல்லாத மாதிரிதான் லா." எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஜோர்ஜ்டவுன் காலை நம்பிக் கட்டப்பட்ட ஊர். அது எப்படிக் காரை நம்பும் ஊராக மாறியது, திரும்ப மாற வழி இருக்கிறதா என்பதுதான் இன்றைய பாடம்.

காலை நம்பிக் கட்டிய ஊர்

1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே கரையிறங்கியபின் முதலில் உருவான நகரம் நான்கு சாலைகளுக்குள் அடங்கியது: லைட் ஸ்திரீட், பீச் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட், இன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் என்று அழைக்கப்படும் பிட் ஸ்திரீட். சரக்கு கப்பலில் வந்தது, மாட்டுவண்டியில் போனது. மனிதர்கள் நடந்தார்கள். ஆகவே வேலை, வீடு, கடை, கோயில் எல்லாமே நடை தூரத்தில் அமைந்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். செட்டியார்களின் கிட்டங்கிகள் பினாங்கு ஸ்திரீட்டில் இருந்தன, கடன் வாங்க வந்த வியாபாரியின் கடையோ அடுத்த தெருவில்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் வழிபாட்டுத் தலங்களைப் பாருங்கள். 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் மசூதி, 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த நம் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில். இந்த நான்கையும் மெதுவாக நடந்தே கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். சுற்றுலாக் கையேடுகள் இதை 'நல்லிணக்கத் தெரு' என்று புகழ்கின்றன. அந்தக் காலத்தவர் நல்லிணக்கத்துக்காகத் திட்டம் போட்டு அப்படிக் கட்டவில்லை. எல்லாரும் நடந்து போகிறவர்கள், அதனால் எல்லாமே பக்கத்தில் வந்தது. பக்கத்தில் இருந்ததால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிந்தது.

2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதன் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர், அதாவது ஒரு சதுர கிலோமீட்டரைவிடச் சற்றே பெரிது. கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து கொம்தார் வரை இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. சாதாரண நடையில் 25 நிமிடம்.

"வெயில்ல யாருண்ணே நடக்கிறது?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. முன்னோர் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். அதுதான் காக்கி லீமா. மலாயில் 'காக்கி' என்றால் கால், அடி என்ற அளவையும் குறிக்கும். 'லீமா' ஐந்து. கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டு வந்து, அதன் கீழே ஐந்தடி அகலத்தில் பொதுமக்கள் நடக்க ஒரு தாழ்வாரம். 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராபிள்ஸ், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் தொடர்ச்சியான மூடிய நடைபாதை இருக்க வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் நீரிணைக் குடியேற்றங்கள் முழுவதும் பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகராண்மை விதிகளால் பினாங்கிலும் நிலைபெற்றது. நம் ஊர் வெயிலுக்கும் திடீர் மழைக்கும் இதைவிடப் பொருத்தமான நடைபாதையை நான் எங்கும் பார்த்ததில்லை. குடையே தேவையில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தத் தரை பெரும்பாலும் கடைவீட்டுக்காரரின் நிலம், நடக்கும் உரிமை மட்டும் எல்லாருக்கும் பொது. என் வீட்டு நிழல் உன் பாதை என்ற ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் அன்றே சண்டை வந்தது. 1888-இல் சிங்கப்பூரில் நகராண்மை அதிகாரிகள் தாழ்வாரங்களை அடைத்த சாமான்களை அகற்றப் புறப்பட்டபோது கடையடைப்பும் கலவரமும் நடந்தன. 'வராந்தா கலவரம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இன்று நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பொது நடைவழியில் தடை ஏற்படுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருக்கிறது, வழிதான் இல்லை.

லிட்டில் இந்தியாவைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நாலு கடை வரை நிழலில் போகலாம். ஐந்தாவது கடையில் தரை ஒரு முழம் உயர்ந்திருக்கும். ஆறாவதில் இரும்புக் கதவு போட்டு அடைத்திருப்பார்கள். ஏழாவதில் மோட்டார்சைக்கிள் வரிசை. உடனே நீங்கள் லோங்காங்கைத் தாண்டிச் சாலையில் இறங்க வேண்டும். பின்னால் வேன் ஹாரன் அடிக்கும். கையில் குழந்தையோடு வரும் அம்மாவுக்கு இது எரிச்சல், சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பயணமே அங்கு முடிந்துவிட்டது.

இதில் நான் வியாபாரிகள் பக்கம் கொஞ்சம் சாய்வேன். பூக்கட்டும் அக்காவின் மேசை தாழ்வாரத்தில் ஓரடி எடுத்துக்கொண்டால் குடி முழுகிப் போகாது. அந்த மல்லிகை வாசம் இல்லாத காக்கி லீமாவில் யார் நடப்பார்? இரண்டு பேர் எதிரெதிரே கடக்கும் அகலம் மிஞ்சினால் போதும். ஆனால் நிறுத்திய வண்டியும் அடைத்த சுவரும் வேறு வகை. அவை எவருக்கும் வாசம் தருவதில்லை.

ஊர் எப்படி மாறியது

ஜாலான் பினாங்கும் சூலியா ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் சாலைக்குள் பதிந்த பழைய டிராம் தண்டவாளத் துண்டு ஒன்று உண்டு. தினமும் அதன்மேல் வண்டி ஓட்டிப் போகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. பினாங்கில் 1880-களிலேயே நீராவி டிராம் ஓடியது. 1906-இல் மின்சார டிராம் வந்தது. துறைமுகக் கரையிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை டிராமில் போகலாம். 1925-இல் மலாயாவிலேயே முதன்முறையாக டிராலி பஸ் இங்கே ஓடத் தொடங்கியது. தலைக்கு மேலே மின்கம்பி, கீழே ரப்பர் சக்கரம். 1936-இல் டிராம் நின்றது, 1961-இல் டிராலி பஸ்ஸும் நின்றது. என் பாட்டி அதைக் 'கரண்டு பஸ்' என்பார். "சத்தமே இருக்காதுடா, பக்கத்துல வந்து நின்னப்புறம்தான் தெரியும்" என்று சொல்வார். இன்று மின்சாரப் பேருந்து என்று புதுமையாகப் பேசுகிறோம். பாட்டி காலத்துச் சரக்கு அது.

டிராமை எடுத்தது நம் ஊர் மட்டுமில்லை. சென்னையில் 1895 முதல் ஓடிய டிராம் 1953-இல் நின்றது. உலகத்தில் பல நகரங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தன.

பெரிய திருப்பம் 1985. அந்த ஆண்டு ஜூலையில் புரோட்டான் சாகா வெளிவந்தது. செப்டம்பரில் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது. தேசியக் காரும் தேசியப் பெருமையான பாலமும் இரண்டே மாத இடைவெளியில். நம் அப்பாமார்களுக்கு அது எவ்வளவு பெரிய கனவு என்பதை இன்று நாம் கேலி செய்யக் கூடாது. தோட்டத்தில் சைக்கிள் மிதித்த குடும்பம் சொந்தக் காரில் கடலைத் தாண்டியது.

அதே காலத்தில் இன்னொரு வகைப் பயணமும் நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் வரலாறாக எழுதுவதில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபின் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு 'பாஸ் கீலாங்' எனும் ஆலைப் பேருந்துகள் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஓடின. நம் அக்காமார், அத்தைமார் எத்தனையோ பேர் கார் லைசென்ஸ் இல்லாமலே இருபது முப்பது வருடம் வேலை பார்த்தார்கள். பினாங்குக்காரர்கள் பஸ்ஸில் ஏறமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களைக் காட்டுங்கள். ஷிப்ட் நேரத்துக்குச் சரியாக, தாமான் வாசலுக்கே பஸ் வந்தது. ஏறினார்கள்.

அடுத்து 1999. நகராண்மைக் கழகம் நடத்திவந்த பேருந்துச் சேவை அந்த ஆண்டு நின்றுபோனது. மிஞ்சிய பழைய தனியார் கம்பெனிகளும் பின்னர் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. அதோடு ஒட்டியே இன்னொரு முடிவும் வந்தது. பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திவந்த சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு இல்லாமல் போனது. தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் நகருக்குள் இருந்த குடும்பங்கள் வெளியேறின. சிலர் ரெலாவ், பாயான் பாரு அடுக்குமாடிகளுக்கு, சிலர் பாலம் தாண்டிப் பிறைக்கும் புக்கிட் மெர்த்தாஜாமுக்கும். வேலை ஓரிடம், வீடு ஓரிடம், கோயில் பழைய இடத்திலேயே. குயின் ஸ்திரீட் கோயிலுக்கு நடந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று அதே கோயிலுக்குக் காரில் வந்து, நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றுகிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மக்களைத் தூரமாக அனுப்பிய அதே நேரத்தில் பஸ்ஸையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கார் வாங்குவதைத் தனிமனித ஆசை என்று எப்படிச் சொல்வது?

"மாநில அரசே நல்ல பஸ் விட்டிருக்கலாமே" என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் பேருந்துத் தடத்துக்கு உரிமம் தரும் அதிகாரம் கூட்டரசிடம் இருக்கிறது. ஊர் இங்கே, கையெழுத்து கோலாலம்பூரில். 2007 ஜூலை 31-ஆம் நாள் கூட்டரசு நிறுவனமான பிரசாரானாவின் கீழ் ரேபிட் பினாங்கு வந்தபிறகுதான் நிலைமை ஓரளவு சீரானது. இன்று ஜெட்டியிலிருந்து 101-ஆம் எண் தெலுக் பஹாங் போகிறது, 204 கொடிமலை அடிவாரம் போகிறது, 401 விமான நிலையம் வழியாகப் பாலேக் பூலாவ் போகிறது. ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே பாரம்பரியப் பகுதியைச் சுற்றிவரும் 'கேட்' பஸ்ஸுக்குக் கட்டணமே இல்லை. மாதப் பாஸ் 50 வெள்ளி. குறை உண்டா? உண்டு. நான் வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். சில நாள் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். பஸ்ஸுக்கென்று தனித்தடம் இல்லாததால், காரில் போகிறவர்கள் உண்டாக்கிய நெரிசலிலேயே பஸ்ஸும் மாட்டிக்கொள்கிறது. பஸ் லேட் என்று மனிதர்கள் காருக்கு மாறுகிறார்கள். கார் கூடக் கூட பஸ் இன்னும் லேட்.

ஃபெரியின் கதை கொஞ்சம் வேடிக்கை. 1894-இல் தொடங்கிய சேவை, 1925 முதல் காரையும் ஏற்றியது. 2020 டிசம்பர் கடைசியோடு அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் ஓய்ந்தன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் நடந்து வருவோர், சைக்கிள், மோட்டார்சைக்கிள் மட்டும்தான் ஏறலாம். காருக்கு இடமில்லை. பலர் வருத்தப்பட்டார்கள், எனக்கும் பழைய ஃபெரியின் காற்று பிடிக்கும். ஆனால் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி, பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்து ஃபெரி ஏறி, இக்கரையில் இறங்கி லிட்டில் இந்தியா வரை நடந்தே வரலாம். அந்த வழி முழுக்க ஒரு காரும் உங்களுக்குத் தேவைப்படாது. நம் இயக்கத்துப் பேராளர்கள் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும்போது இந்த வழியை ஏன் சொல்லித் தருவதில்லை என்று தெரியவில்லை.

சாலையை அகலமாக்கினால் போதாதா?

நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால் சாலையில் பிடிக்கும் இடம் பன்னிரண்டு மீட்டர். அதே நாற்பது பேர் ஆளுக்கொரு காரில் வந்து சிக்னலில் வரிசையாக நின்றால், கார் நீளமும் இடைவெளியும் சேர்த்து ஆறு மீட்டர் என்று வைத்தாலும் 240 மீட்டர். போய்ச் சேர்ந்தபின் ஒவ்வொரு காருக்கும் நிறுத்துமிடம் சுமார் பன்னிரண்டு சதுர மீட்டர். அது ஒரு சின்னப் படுக்கையறை. அந்தக் கார் நாள் முழுக்க அங்கே சும்மா நிற்கும்.

சாலையை அகலப்படுத்தினால் சரியாகுமா என்பதற்கு வெளிநாட்டு ஆய்வு தேட வேண்டாம், நம் பாலமே பாடப்புத்தகம். நெரிசல் என்று 2009-இல் அதை ஆறு தடமாக அகலப்படுத்தி முடித்தார்கள். 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம் திறந்தது. காலை ஏழரைக்குப் பிறைப் பக்கமிருந்து முதல் பாலத்தில் வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். சாலை லேசானால் முன்பு கிளம்பாதவர் கிளம்புவார், ஃபெரியில் வந்தவர் காருக்கு மாறுவார், வீடு வாங்குபவர் இன்னும் தூரமாக வாங்குவார். சில ஆண்டில் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். பசி தீர உப்புத் தண்ணீர் குடித்த கதை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1975 ஜூனில் காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு 3 வெள்ளி கட்டணம் வைத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணமில்லை. அங்கே எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது 1987-இல். அதாவது ரயில் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பஸ்ஸை வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது நம் ஊரில் எதைக் கேட்டாலும் "எல்.ஆர்.டி. வரட்டும்" என்கிறார்கள். முத்தியாரா தடம் 2025 ஜனவரியில் அடிக்கல் கண்டது. தீவின் தெற்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வழியாகக் கொம்தார் வந்து, அங்கிருந்து கடலைத் தாண்டி பினாங்கு சென்ட்ரல் வரை சுமார் 29 கிலோமீட்டர். 2031-இல் முடிக்கத் திட்டம். அதன் செலவு, தெற்குக் கடலில் மண் கொட்டும் திட்டம், பஸ்ஸையும் டிராமையும் கொண்டே மலிவாகச் செய்யலாம் என்று பினாங்கு ஃபோரம் முன்வைத்த வாதம் எல்லாவற்றையும் நீங்கள் தனியாகப் படிக்க வேண்டும். நான் ரயிலுக்கு எதிரியில்லை. ஆனால் ரயில் நிலையம் வரை யார் உங்களைத் தூக்கிப் போவார்? நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நடைபாதை இல்லை, நிழல் இல்லை, ஆறு தடச் சாலையைக் கடக்க வழியில்லை என்றால் நிலையத்துக்கே காரில்தான் போவார்கள். 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடம் சரியில்லை என்றால் அதற்கப்புறம் வரும் 29 கிலோமீட்டரும் வீண். அந்த ஐந்து நிமிடத்தை இப்போதே, பஸ் நிறுத்தங்களிலேயே சரிசெய்யலாம். அதற்கு 2031 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் எல்லா ஊரிலும் வரும். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கி, காருக்கான இடத்தைக் குறைத்துத் திறந்தார்கள். தமிழ்நாட்டிலேயே நெரிசலுக்குப் பேர்போன இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே செய்ய முடிந்ததை இங்கே லெபோ பாசாரில் ஏன் செய்ய முடியாது என்று கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசலாம். நம் ஊரிலும் ஞாயிறு காலைகளில் பீச் ஸ்திரீட்டைக் காருக்கு அடைத்து, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிய காலம் உண்டு.

நாமே வருடா வருடம் செய்வது

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும், 2017 முதல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் புறப்படுகின்றன. சாலைகள் அடைபடுகின்றன. கைக்குழந்தை முதல் கோலூன்றிய தாத்தா வரை நடக்கிறார்கள். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்: நீர்மோர், சாப்பாடு, உட்கார நாற்காலி. வெயிலில் நடக்க முடியாது என்று சொல்கிற அதே ஊர், அதே ஜனம். நிழலும் தண்ணீரும் உட்கார இடமும் பக்கத்தில் மனிதரும் இருந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கிறார்கள். நகரத் திட்டம் படித்தவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதுவது இதைத்தான். நம் பந்தல்காரர்கள் அதைப் படிக்காமலே செய்கிறார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. தண்ணீர்மலையில் 513 படி ஏறுகிற அதே பக்தர், மற்ற நாளில் கோயில் வாசலிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி நிறுத்த மனமில்லாமல், மஞ்சள் கோட்டில் இரட்டை வரிசையாகக் காரை விட்டுவிட்டு, சம்மன் வந்தால் சாமியிடம் முறையிடுகிறார்!

விளையாட்டாகச் சொன்னாலும் இதில் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. கோவிட் ஆண்டுகளை விட்டுப் பார்த்தால், மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் 6,000-க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். பலர் இளைஞர்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளில் பாதிப் பேருக்கு மோட்டார் விருப்பத்தால் வந்ததல்ல. காருக்குக் காசில்லை, பஸ்ஸுக்கு நேரமில்லை, ஆகவே மோட்டார். இரவு நேர வகுப்பை பஸ் போகாத இடத்தில் வைக்கும்போது நாம் அவனை அந்த மோட்டாரில்தான் ஏற்றுகிறோம்.

கார்க் கடனும் அப்படியே. முதல் சம்பளம் வந்த மாதமே ஒன்பது வருடக் கடனில் கார் எடுப்பது நம்மிடம் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மாதத் தவணை 600 வெள்ளி என்று வையுங்கள். பெட்ரோல், டோல், பார்க்கிங், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் சேர்த்து இன்னொரு 400. வருடத்துக்கு 12,000. ஒன்பது வருடத்தில் ஒரு லட்சத்து எட்டாயிரம். வீட்டுக்கு ஒரு கார் தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. பாலேக் பூலாவில் இருந்துகொண்டு இரவு ஷிப்டுக்குப் பிறை போகிறவருக்கு இன்றைய நிலையில் வேறு வழி கிடையாது. ஒரே வீட்டு வாசலில் நாலு கார் நிற்பதைத்தான் கேட்கிறேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஒரு கார் குறைந்தால் கணக்கு எப்படி வரும் என்று கல்யாணத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

இனி நம் கிளைகள் செய்யக்கூடியவை. வகுப்பும் கூட்டமும் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 'பார்க்கிங் இருக்கா?' என்று கேட்கிறோம் அல்லவா, அதோடு 'கடைசி பஸ் எத்தனை மணிக்கு?' என்றும் கேளுங்கள். எட்டரை வகுப்பை ஏழாக்கினால் எத்தனை பேர் கூடுதலாக வருவார்கள் என்று ஒரு மாதம் சோதியுங்கள். அழைப்பிதழில் கூகுள் வரைபடத்தோடு பஸ் எண்ணையும் நிறுத்தத்தின் பெயரையும் அச்சிடுங்கள். காசு செலவில்லை. கோயில் நிர்வாகத்தினரிடம், மண்டபத்துக்கு முன்னாலுள்ள காக்கி லீமாவில் மோட்டார் நிற்காமல் பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்லும் முன் நம் வாசல்.

அடுத்த வகுப்பு மண்டபத்தில் இல்லை. சனிக்கிழமை காலை ஏழரைக்கு வெயில் ஏறும் முன் ஜெட்டி பஸ் நிலையத்தில் கூடுகிறோம். எல்லாரும் பஸ்ஸிலோ ஃபெரியிலோதான் வர வேண்டும். அங்கிருந்து குயின் ஸ்திரீட் கோயில் வரை காக்கி லீமா வழியாகவே நடக்க முயல்வோம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளி வருவார்கள். எங்கே சாலையில் இறங்க நேர்கிறதோ அந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, கடை எண்ணையும் காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: படியா, வண்டியா, கதவா, சாமானா, உடைந்த லோங்காங் மூடியா. அந்தப் பட்டியலைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, மாநகர மன்றத்துக்கும் அந்தத் தெரு வியாபாரிகளுக்கும் ஒரே நாளில் கொடுப்போம். மலாயில் நன்றாக எழுதத் தெரிந்த தங்கைகள் இருவர் பெயர் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டு வாருங்கள். நடை முடிந்து கோயிலில் தரிசனம், பிறகு பசியாறல், செலவு கிளையுடையது.